பொங்கலுக்கு வீடு துப்பரவு: நாமே செய்வதா, ஆள் பிடிப்பதா, கொம்பனியைக் கூப்பிடுவதா?

மார்கழியில் மழை கொஞ்சம் விட்டதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தக் கதை தொடங்கிவிடும். சுவரில் பூஞ்சணம், ஊதிப்போய் இழுபடும் யன்னல் கதவு, கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குள் அமுங்கிக் கிடக்கும் வேப்பஞ்சருகு. தைப்பொங்கலுக்கு முன் ஒருக்கால் முழுதாகத் துப்பரவாக்க வேண்டும். யார் செய்வது? பிள்ளைகள் கொழும்பில், இல்லாவிட்டால் கடல் கடந்து. அம்மாவுக்கு முழங்கால் நோ. எழுபது தாண்டிய அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவரை ஏற விடக்கூடாது. கூலிக்கு ஆள் கேட்டால் "பொங்கல் கழியட்டும், பாப்பம்" என்கிறார்கள். இதற்கிடையில், மெஷினோடு வந்து கழுவித் தருகிறோம் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம்.

எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் காசைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். வீட்டுத் துப்பரவில் இரண்டு வேலை கலந்திருக்கிறது. ஒன்று அழுக்கு வேலை: ஒட்டடை, பாசி, சருகு, சுண்ணாம்புப் படிவு. மற்றது சாமான் வேலை: எதை வைப்பது, எதைக் கொடுப்பது, எதை எறிவது. முதலாவதற்கு ஆள் பிடிக்கலாம். இரண்டாவதற்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் ஆள் கிடையாது. உங்கள் வீட்டில் எது கூட என்று தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

வெயிலும் தண்ணீரும். இங்கே மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஆகவே தையில் கிணறு நிறைய, தண்ணீருக்குக் கவலை இல்லை. ஆனால் வெயில் மெல்லியது, காலையில் பனி, சுவர் இன்னும் ஈரம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் என்றால் கழுவியது கழுவிய கையோடு காயும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் ஆடி, ஆவணியில் செய்தால் புழுதியோடு சோளகக் காற்று அடிக்கும். இன்றைக்குத் துடைத்த மேசையில் நாளைக்கு விரலால் பெயர் எழுதலாம்.

உயரம். தட்டையான சீலிங் போட்ட வீடு வேறு, முகடு உயர்ந்த ஓட்டு வீடு வேறு. கதிரையில் ஏறினால் எட்டாத எந்த வேலையையும் வீட்டார் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாமான். முன்பு சொன்னதுதான். பூட்டிய அலுமாரி எத்தனை, பரணில் பெட்டி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மறைந்த செலவு. கூலி மட்டும் செலவல்ல. தேத்தண்ணி, மதியச் சாப்பாடு, உடைந்த ஓடு, மின்கட்டணம், லீவு, நாரிப்பிடிப்பு எல்லாம் செலவுதான்.

குப்பை. வீட்டுக்குள்ளிருந்து எடுத்தது படலைக்கு வெளியே போகும் வரை துப்பரவு முடியவில்லை. போகிக்குப் பழையதைக் கொளுத்தும் வழக்கம் இங்கே பெரிதாக இல்லை என்கிறோம், ஆனால் வீட்டின் பின்புறக் கோடிக்குள் பொலித்தீனைக் குவித்துக் கொளுத்தாத வீடு குறைவு. தரம் பிரித்து வைத்தால் மாநகரசபையோ பிரதேச சபையோ எடுக்கும். மெத்தை, உடைந்த அலுமாரி போன்றவற்றுக்கு முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

## வழி ஒன்று: வீட்டார் எல்லோரும், இரண்டு நாளில்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடே தலைகீழாக நிற்கும். ஒருவர் ஒட்டடை, ஒருவர் யன்னல், ஒருவர் குசினி. இதன் பெரிய பலம், "இது வேணுமோ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கூடியவர் பக்கத்திலேயே நிற்பது.

கூலி மிச்சம் என்று சொல்வது பாதி உண்மை. அந்த இரண்டு நாளும் குசினி மூடித்தான் கிடக்கும், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. நீளத் தும்புத்தடி, கையுறை, முகமூடி, பிரஷ் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எல்லோருக்கும் அலுத்துவிடும். அந்த நேரத்தில் பாதி திறந்த பெட்டி எதுவோ அது அடுத்த பொங்கல் வரை அப்படியே கிடக்கும். முட்டு வருத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கிற நாளில் அவரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வீட்டாரே செய்யும்போது அதிகம் பிழைக்கிற இடம் குளியலறை. குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. குழாயின் வாயைச் சுற்றி வெள்ளை வளையம், வாளியின் உட்புறம் சொரசொரப்பு, கேத்திலின் அடியில் தகடு தகடாகப் படிவு. இதைச் சவர்க்காரம் கரைக்காது, புளிப்புத்தான் கரைக்கும். வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணித்தியாலம் விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். இங்கே இரண்டு எச்சரிக்கை.

மலசலகூடத்துக்கு ஊற்றும் அமிலக் கழுவியையும் குளோரின் கலந்த வெண்மையாக்கியையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பாவிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன அறையில் அது ஆளை வீழ்த்தக் கூடியது. "நல்லாய் வெளிக்கட்டும்" என்று இரண்டையும் சேர்த்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்றது, பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரைக்கு எந்த அமிலமும் ஆகாது. சீமெந்தையே அரித்துவிடும். மினுக்கம் ஒருமுறை போனால் மெழுகு போட்டும் திரும்பி வராது.

எப்போது இது நல்லது: சின்ன வீடு, உடம்பு ஏலக்கூடியவர்கள் மூன்று பேருக்கு மேல், உயர வேலை இல்லை, பரணில் பெட்டிகள் குறைவு.

## வழி இரண்டு: அறை அறையாக, பல வாரம்

கார்த்திகையில் தொடங்கி, கிழமைக்கு ஓர் அறையோ ஓர் அலுமாரியோ. பார்க்க மெதுவான வழி. ஆனால் சாமான் வேலை கூடிய வீட்டுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்து அலுமாரிகளுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கையில் எடுத்தது போக மிச்சமெல்லாம் வீட்டோடு விடப்பட்டது. திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கூரையே இல்லை. அப்படித் தப்பிய படம், சான்றிதழ், காணி உறுதி, பிறப்பத்தாட்சி, பழைய கடிதம் இவைதான் இன்றைக்கும் ஏதோ ஒரு சூட்கேசுக்குள் கிடக்கின்றன, போன வருட மின்சார பில்லோடும் மருந்துத் துண்டோடும் கலந்து. "பழைய கடதாசிக் கட்டு" என்று ஒரு உரப்பையில் அள்ளிப் போடக்கூடிய பொருள் அல்ல இது. ஒரு வீட்டில் முப்பது வருடத்து உறுதி, சில்லறைக் கடைக் கணக்குக் கொப்பிக்குள் செருகி இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்தது அந்த வீட்டுப் பெரியம்மா. கூலியாள் ஒருவர் அதைக் கண்டிருக்கவே முடியாது. கொப்பி அவருக்கு வெறும் கொப்பிதான்.

மழை நாள் இதற்குத் தோதானது. வெளியே எப்படியும் எதுவும் செய்ய முடியாது, விறாந்தையில் பாய் விரித்து ஒரு பெட்டியைக் கவிழ்க்கலாம். உறுதியையும் சான்றிதழையும் தொலைபேசியில் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். மூலத்தைக் காற்றுப் புகாத பெட்டியில், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். கறையான் சுவரோடுதான் ஏறும், அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் அதன் மண்பாதை கண்ணில் படும்.

துணிமணி மட்டும் மழை விடும் வரை பொறுக்க வேண்டும். கூறைச் சேலையை நேர் வெயிலில் போடாதீர்கள், நிறம் வெளிறும். நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைத்தால் சரிகை அதே இடத்தில் ஒடியாது. புத்தகங்களுக்கும் நிழல் காற்றுத்தான்.

குறை என்ன? முதலாவது அறை முடிந்து கடைசி அறைக்கு வரும்போது முதலாவது அறையில் மறுபடி தூசு. அதனால் இந்த வழியில் தரை கழுவுவதைக் கடைசி வரை தொடாதீர்கள். தரம் பிரிப்பது வாரக்கணக்கில் நடக்கட்டும், தண்ணீர் வேலை ஒரே நாளில் முடியட்டும். இன்னொன்று, கூரையும் பீலியும் அறை அறையாக நடக்காது. அதற்கு வேறு ஆள் வேண்டும்.

எப்போது இது நல்லது: ஓய்வுபெற்ற தம்பதியர், புத்தகமும் கடதாசியும் நிறைந்த வீடு, பெரியவர் ஒருவர் காலமாகி அவருடைய சாமான் இன்னும் தொடாமல் கிடக்கும் வீடு.

## வழி மூன்று: நாட்கூலிக்கு ஆள்

வேலி அடைக்கிற, வளவு துப்பரவாக்குகிற, தேங்காய் பிடுங்குகிற ஆள் ஊருக்கு ஊர் இருப்பார். வீட்டு வேலைக்கும் பெரும்பாலும் அவரையே கேட்கிறோம். பீலி, ஓடு, கிணற்றடிப் பாசி, கோடிப்புறக் குப்பை, மதில் கழுவல், இவற்றுக்கு அவரை வெல்ல எந்த மெஷினும் இல்லை.

வீட்டுக்குள் கதை வேறு. பரணிலிருந்து பெட்டி இறங்கும்.

"அக்கா, இது வேணுமோ?"

"வை தம்பி, அது ஐயாவின்ரை."

"இந்த ரேடியோ?"

"அதையும் வை."

இப்படியே மத்தியானம் வரும். நாட்கூலி ஓடிக்கொண்டிருக்கிறது, பரணில் இருந்ததெல்லாம் விறாந்தைக்கு வந்து திரும்பப் பரணுக்கே போகிறது. ஆள் பிடிக்கும் முன் தரம் பிரித்து முடிக்காவிட்டால், நீங்கள் கொடுக்கும் கூலி பெட்டி ஏற்றி இறக்கத்தான்.

நாட்கூலியா, கொந்தராத்தா? வளவு வேலைக்குக் கொந்தராத்துப் பேசலாம், முடிந்ததா இல்லையா என்று கண்ணால் தெரியும். பீலிக்கும் ஓட்டுக்கும் கொந்தராத்துப் பேசாதீர்கள். அவசரப்பட்டு நடந்தால் ஓடு உடையும், உடைந்ததை அந்த நேரம் சொல்லமாட்டார்கள், அடுத்த மழைக்குத்தான் தெரியும். பழைய கள்ளிக்கோட்டை ஓட்டுக்கு அதே அளவில் மாற்று ஓடு கிடைப்பதும் லேசல்ல. வேலை தொடங்கும் முன் கோடிக்குள் எத்தனை மாற்று ஓடு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

பீலி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே டெங்கு கூடுவது மழையை ஒட்டி, மார்கழி, தை மாதங்களில். சருகை அள்ளி எறிந்தால் பீலி துப்பரவு என்று நினைக்கிறோம். டெங்கு நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது, திரும்பத் தண்ணீர் பட்டால் பொரிக்கும். பொரித்தது பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு, தண்ணீர்த் தாங்கி, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எல்லாவற்றையும் பிரஷ் போட்டு உரஞ்ச வேண்டும். வெறுமனே கவிழ்த்து ஊற்றினால் போதாது. பழைய ரயர், சிரட்டை, யோகட் கோப்பை வளவில் கிடந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கே போடலாம். அது வேறு செலவு.

வெள்ளம் ஏறிய வளவு என்றால் இன்னும் கவனம். 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். எலிச் சிறுநீர் கலந்த சேறு காயத்தின் வழியே உடம்பில் ஏறும். காலில் வெட்டுக்காயம் உள்ளவரை அந்தச் சேற்றில் இறக்காதீர்கள். சப்பாத்தும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது வேலை கொடுக்கிறவரின் பொறுப்பு. "அவை பழகின ஆக்கள்" என்று சொல்வது ஒரு நியாயமே அல்ல. எலிப்புழுக்கை கிடக்கும் களஞ்சிய அறையை உலர்த்தியாகக் கூட்டக் கூடாது, தொற்றுநீக்கி தெளித்து நனைத்த பிறகுதான் அள்ள வேண்டும்.

கிணறு இறைப்பதையும் இதே கையோடு செய்துவிடலாம் என்று சிலர் யோசிப்பார்கள். தையில் வேண்டாம். நிறைகிணற்றை இறைத்து முடிக்க முடியாது. ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் அடியில் நிற்கும்போது சேறு எடுப்பது சுலபம். கரையோர ஊர்களில் அப்போதும் ஒட்ட இறைக்கக் கூடாது, உவர் ஏறிவிடும். யார் இறைத்தாலும் மண்ணெண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்க விடாதீர்கள், அதன் புகை உள்ளே நிற்பவரைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

எப்போது இது நல்லது: பெரிய வளவு, ஓட்டுக் கூரை, வீட்டில் ஒருவர் நாள் முழுக்கக் கூட நிற்கக் கூடிய நிலை. கூட நிற்க ஆள் இல்லாவிட்டால் இந்த வழியை எடுக்காதீர்கள்.

## வழி நான்கு: மெஷினோடு வரும் கொம்பனி

ரைல்ஸ் பதித்த புது வீட்டுக்கு இது அருமையான வழி. தரை உரஞ்சும் மெஷின், சோபாவை ஈரமாக உறிஞ்சும் மெஷின், அமுக்கத் தண்ணீர் மெஷின் எல்லாவற்றோடும் நாலு பேர் வந்து ஒரு நாளில் முடித்துவிட்டுப் போவார்கள். ஏணியில் ஏறுவது அவர்கள் பாடு.

ஆனால் விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள். அந்தச் சதுர அடிக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். யன்னல் கம்பி? மின்விசிறி? அலுமாரியின் உட்புறம்? தண்ணீர்த் தாங்கி? குப்பையை எடுத்துப் போவார்களா, படலையடியில் வைத்துவிட்டுப் போவார்களா? பெரும்பாலும் "அது தனி" என்ற பதில் வரும். எல்லாத் "தனி"யையும் கூட்டிய பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

தண்ணீரும் கரண்டும் உங்களுடையது. தண்ணீர் பற்றி அவ்வளவு பயப்படத் தேவையில்லை, அமுக்கத் தண்ணீர் மெஷின் சாதாரணக் குழாயை விடக் குறைவாகத்தான் இழுக்கும். கரண்ட்தான் கவனிக்க வேண்டியது. ஒரு குதிரைவலுக் கிணற்று மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட், கழுவும் மெஷின் அதைவிடக் கூட. நம் மின்கட்டணம் படி படியாக ஏறுவது. மாதக் கடைசியில், ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீடு, இந்த ஒரு நாளால் அடுத்த படிக்குத் தாவினால் நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். மீற்றர் வாசிப்பு முடிந்த மறுநாளில் கூப்பிட்டால் அந்த மாதத்தைத் திட்டமிடலாம்.

அமுக்கத் தண்ணீரை எங்கே அடிக்கக் கூடாது என்பது இன்னும் முக்கியம். ஓட்டுக் கூரையில் கீழிருந்து மேலாக அடித்தால் தண்ணீர் ஓட்டு இடுக்கால் உள்ளே போகும், மரம் ஊறும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அடித்தால் சாந்து உதிரும். அஸ்பெஸ்ரஸ் சீற்றில் அடிக்கவே கூடாது. பாசியோடு சேர்ந்து நுண்ணிய நாரும் கிளம்பும், அது நெஞ்சுக்குள் போனால் வருடங்கள் கழித்து நோயாக வரும். உலர்த்தியாகச் சுரண்டுவதும் அதே கேடு. வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் கொண்டுவரும் கடும் அமிலக் கழுவிகளின் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்றும் பாருங்கள். நம் மண் மெல்லியது, அதன் கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது சுணங்காமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். கிணற்றடிப் பக்கம் ஓட விடக் கூடாது.

சாமானைத் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது. எல்லாவற்றையும் அறையின் நடுவே தள்ளி, துடைத்து, திருப்பித் தள்ளிவிட்டுப் போவார்கள். நெரிசலான வீட்டில் பாதித் தரைதான் கழுவுப்படும், காசு முழுத் தரைக்கும்.

எப்போது இது நல்லது: வாடகைக்கு இருந்தவர் எழும்பிப் போன வீடு, கட்டட வேலை முடிந்த வீடு, சாமான் குறைந்த ரைல்ஸ் வீடு, பூட்டிக் கிடந்த வீடு.

## பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டார் வீட்டுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் கேட்பது இது. சித்தியிடமோ பக்கத்து வீட்டு அண்ணரிடமோ திறப்பு இருக்கும், "ஒருக்காத் துப்பரவாக்கி வையுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். இலவசம் போலத் தெரியும். சித்திக்கு அது மூன்று நாள் வேலை, ஆள் பிடிக்கிற பொறுப்பு, கைக்காசு. ஆகவே அவரிடம் மேற்பார்வையை மட்டும் கேளுங்கள். கழுவுவதற்குக் கொம்பனி, வளவுக்கு நாட்கூலி. இரண்டுக்கும் காசை முன்கூட்டியே அனுப்பி, வேலைக்கு முன்னும் பின்னும் வட்ஸ்அப்பில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கழுவ வருபவர்களுக்கு ஒரு நாள் முன்னரே யன்னல்களைத் திறந்து காற்று விட வேண்டும். மலசலகூட வளைகுழாயில் தண்ணீர் வற்றி நாற்றமும் கரப்பானும் ஏறியிருக்கும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலே பாதி அடங்கும். கூரைத் தாங்கியில் நின்ற தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டுத் தாங்கியை உரஞ்சிய பிறகுதான் குழாயைப் பாவிக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கக்கூடும், மெஷினைச் சொருகும் முன் எலக்ற்ரீசியன் ஒருவர் பார்க்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | வீட்டார், இரண்டு நாள் | அறை அறையாக | நாட்கூலி | கொம்பனி |
|---|---|---|---|---|
| சாமான் தரம் பிரிப்பு | அவசரத்தில் நடக்கும் | மிக நன்று | நடக்காது | நடக்காது |
| கூரை, பீலி, வளவு | வேண்டாம் | முடியாது | மிக நன்று | ஓரளவு, கேட்டுப் பார்க்க |
| தரை, குளியலறை, சோபா | நன்று | கடைசி நாளில் மட்டும் | ஓரளவு | மிக நன்று |
| கையை விட்டுப் போகும் காசு | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் | கூட |
| மறைந்த செலவு | லீவு, நாரி, கடைச் சாப்பாடு | மறுபடி படியும் தூசு | மேற்பார்வை, உடைந்த ஓடு | கரண்ட், "அது தனி" |
| யாராவது கூட நிற்க வேண்டுமா | எல்லோரும் | ஒருவர் | நாள் முழுக்க | தொடக்கமும் முடிவும் |

## நான் சொல்வதானால்

ஒரு வழியை மட்டும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நடுத்தரமான ஓட்டு வீடு, பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் பொங்கலுக்குத்தான் வருவார்கள் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். கார்த்திகை மழையில் பெட்டியும் கடதாசியும், வீட்டாரே, ஆறுதலாக. மார்கழியில் இரண்டு நாள் தொடர்ந்து வெயில் கண்டதும் பீலி, ஓடு, வளவுக்கு நாட்கூலி, ஒருவரல்ல, இருவர். ஏணியை ஒருவர் பிடிக்க வேண்டும். ஒட்டடையும் அவர்களே அடிக்கட்டும், சாமான்தான் ஏற்கெனவே பிரித்தாயிற்றே. கொம்பனி, சோபாவும் ரைல்ஸும் இருந்தால் மட்டும். குசினி, சாமி அறை, பழப்புளி போட்டு விளக்கும் குத்துவிளக்கு, இவை பொங்கலுக்கு முந்தின இரண்டு நாளில், பிள்ளைகள் வந்த பிறகு. அவர்களுக்கும் ஏதாவது வேலை வேண்டும்.

பெயின்ற் அடிப்பதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஈரச் சுவரில் அடித்தால் கொப்பளித்து உரியும். உப்புப் பூக்கிற சுவரென்றால் இன்னும் கெதியில். பூஞ்சணத்தைக் கழுவிக் காய விட்டு, பங்குனி வெயிலுக்குப் பிறகு புத்தாண்டுக்கு அடியுங்கள்.

பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்ரிக் எடுக்க வருபவர்களுக்குக் கொடுக்கும்போது உரப்பையை ஒருக்கால் கொட்டிப் பாருங்கள். நிறைக்குப் போகிற பழைய செம்புக்குள் பாட்டியின் மூக்குத்தி கிடந்த கதை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு. நாட்கூலி ஆளுக்குச் சொல்வதானால் திருவெம்பாவை தொடங்குமுன் சொல்லி நாள் குறித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கோயில் வேலை, வயல் வேலை, மற்ற வீட்டு வேலை என்று அவர் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் பொங்கல் கிழமைக் கூலி வேறு.